ஜின் அண்ட் டானிக்கும் நடுவட்டத்துச் சிங்கோனாவும்

மது வகைகளைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் தவறாமல் சொல்லும் கதை ஒன்று உண்டு. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இந்தியாவுக்கு வந்தார்கள். மலேரியாவில் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். டாக்டர்கள் கொய்னா கொடுத்தார்கள். கசப்பு தாங்காமல் சிப்பாய்கள் அதில் சர்க்கரை, சோடா, எலுமிச்சை, போதாததற்குக் கொஞ்சம் ஜின்னையும் கலந்து விழுங்கினார்கள். அப்படிப் பிறந்ததுதான் ஜின் அண்ட் டானிக். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. குடிப்பவருக்கும் ஒரு சமாதானம் கிடைக்கிறது, மருந்துதானே என்று.

இதில் ஏறக்குறைய பாதிதான் உண்மை. மீதிப் பாதி எங்கே பிசகுகிறது, அதற்குள் நம் நீலகிரி எப்படி வந்து சேர்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. குடிக்கச் சொல்லி எழுதவில்லை என்பதை முதலிலேயே தெரிவித்துவிடுகிறேன். நம் வயதில் அந்த விஷயத்தை டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

பானம் மிக எளிமையானது. ஒரு பங்கு ஜின், இரண்டு அல்லது மூன்று பங்கு டானிக் தண்ணீர், ஐஸ் கட்டி, ஒரு துண்டு எலுமிச்சை. குலுக்க வேண்டாம், வடிகட்ட வேண்டாம். ஆனால் இந்த நாலு சாமானும் நாலு திசையிலிருந்து வந்தவை.

ஜின்னின் பூர்வீகம் ஹாலந்து. தானியத்திலிருந்து வடித்த சாராயத்தில் ஜூனிபர் என்ற ஊசியிலைச் செடியின் சிறு காய்களைப் போட்டு வாசனை ஏற்றுவார்கள். டச்சுக்காரர்கள் வைத்த பெயர் யெனேவர். 1689-இல் டச்சு இளவரசர் வில்லியம் இங்கிலாந்தின் ராஜாவானார். பிரெஞ்சு பிராந்திக்கு வரி ஏறியது, உள்நாட்டில் வடிப்பதற்குக் கட்டுப்பாடு தளர்ந்தது. லண்டன் ஏழைகள் மலிவு ஜின்னில் மூழ்கினார்கள். அந்தச் சீரழிவை ஹோகார்த் என்ற ஓவியர் 1751-இல் ‘ஜின் சந்து’ என்று படமாக வரைந்தார். போதையில் இருக்கும் ஒரு தாயின் கையிலிருந்து குழந்தை நழுவி விழும் படம் அது. அதே ஆண்டு அரசாங்கம் கடுமையான சட்டம் போட்டு அடக்கியது. பின்னர் 1830-இல் ஈனியஸ் காஃபி என்பவர் இடைவிடாமல் வடிக்கும் புதுமாதிரிக் கலத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்குப் பிறகுதான் சர்க்கரை சேர்க்காத, சுத்தமான ‘லண்டன் டிரை’ வகை வந்தது. ஜின்னுக்குக் கொஞ்சம் கௌரவமும் வந்தது. ஜூனிபருக்கு அடுத்தபடியாக ஜின்னில் அதிகம் சேர்வது எது தெரியுமோ? நம் கொத்தமல்லி விதைதான். தனியா போடாத ஜின் அபூர்வம்.

ஐஸ் விஷயம் சென்னைவாசிகளுக்குத் தெரிந்திருக்கும். திருவல்லிக்கேணிக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் என்று அழைக்கப்படும் கட்டடம் 1842-இல் ஐஸ் கிடங்காகக் கட்டப்பட்டது. அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் குளிர்காலத்தில் உறையும் பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி அனுப்பியவர் பிரெடரிக் டியூடர். முதல் கப்பல் கல்கத்தாவுக்கு 1833-இல் வந்தது. நாலு மாதப் பயணத்தில் கரைந்தது போக மிஞ்சியதை விற்றே அவர் லாபம் பார்த்தார் என்றால், இங்கிருந்த துரைமார்களின் தாகம் எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நீராவி இயந்திரத்தில் ஐஸ் செய்ய ஆரம்பித்தபின் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. பெயர் மட்டும் போகவில்லை. ஐஸ் ஹவுஸ் என்றால் ஆட்டோக்காரர் இன்றும் சரியாகக் கொண்டுபோய் விடுகிறார்.

இனி டானிக்குக்கு வருவோம். விஷயமே அதில்தான்.

டானிக் தண்ணீரின் கசப்பு கொய்னாவின் கசப்பு. அது வரும் மரம் சிங்கோனா. பிறந்த இடம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடர். அதன் பட்டைத்தூள் முறைக்காய்ச்சலைத் தணிக்கும் என்பதைப் பதினேழாம் நூற்றாண்டிலேயே அங்கிருந்த ஏசுசபைப் பாதிரிமார்கள் ஐரோப்பாவுக்குச் சொல்லிவிட்டார்கள். பெரு நாட்டு வைஸ்ராயின் மனைவி சின்சோன் சீமாட்டி அதனால் பிழைத்தாள் என்று ஒரு கதை. லின்னேயஸ் மரத்துக்கு அவள் பெயரையே வைத்தார். ஆராய்ந்தவர்கள் அந்தக் கதையும் நடக்காதது என்று பின்னால் கண்டுபிடித்தார்கள். இந்த மரத்துக்கும் கட்டுக்கதைக்கும் அப்படி ஒரு ராசி! 1820-இல் பாரிஸில் பெல்லத்தியே, காவன்த்தூ என்ற இரு மருந்தியல் வல்லுநர்கள் பட்டையிலிருந்து கொய்னாவைத் தனியே பிரித்தார்கள். அன்றுமுதல் எத்தனை அளவு கொடுக்கிறோம் என்று நிறுத்துக் கொடுக்க முடிந்தது. 1854-இல் ஆப்பிரிக்காவின் நைஜர் நதியில் சென்ற ஓர் ஆங்கிலேயக் கப்பலில் டாக்டர் பைக்கி என்பவர் எல்லோருக்கும் தினமும் கொய்னா கொடுத்தார். காய்ச்சலில் ஒருவர்கூடச் சாகவில்லை. அதற்கு முன்னால் அந்த நதிக்குள் போன கப்பல்கள் பிணங்களோடு திரும்பியிருந்தன. ஆப்பிரிக்காவையும் ஆசியாவையும் ஆள நினைத்தவர்களுக்கு இது துப்பாக்கிக்குச் சமமான பொருளாகிவிட்டது.

அப்படியானால் சிப்பாய்கள் அதை ஜின்னில் கலந்துதானே குடித்தார்கள்? இல்லை. ஜின்னை மட்டும்தான் நாடினார்கள் என்பதற்கு ஆதாரமே இல்லை. கொய்னாத் தூளை ஒயினில் கலந்து கொடுத்தார்கள், ரம்மில் கொடுத்தார்கள், வெறும் தண்ணீரிலும் கொடுத்தார்கள். இந்தியாவில் சாதாரண வெள்ளைச் சிப்பாய்க்குப் படையில் அளந்து கொடுத்தது உள்ளூர்ச் சாராயமும் ரம்மும், பின்னால் பீர். அதிகாரிகளின் பானம் பிராந்தி கலந்த தண்ணீர். ‘பிராந்தி பானி’ என்பது அந்தக் கால ஆங்கிலோ-இந்தியப் பேச்சில் தேய்ந்துபோன சொல். பிரான்ஸில் திராட்சைக் கொடிகளைப் பூச்சி அரித்துப் பிராந்தி கிடைக்காமல் போனதும் அவர்கள் விஸ்கி சோடாவுக்கு மாறினார்கள். இந்த வரிசையில் ஜின் முன்னுக்கு நிற்கவே இல்லை.

டானிக் தண்ணீர் என்ற பொருளே இந்தியாவில் தோன்றியதல்ல. 1858-இல் லண்டனில் எராஸ்மஸ் பாண்ட் என்பவர் கொய்னா சேர்த்த சோடாவுக்குக் காப்புரிமை பெற்றார். அவர் அதை மலேரியா மருந்தாக விற்கவில்லை. உடம்புக்குத் தெம்பு, ஜீரணத்துக்கு நல்லது என்ற மாதிரியில் விற்றார். நம் ஊரில் ‘டானிக்’ என்ற சொல்லுக்கு இன்றைக்கும் அதுதானே அர்த்தம்! ஷ்வெப்ஸ் கம்பெனி 1870-களில் இறங்கி, ‘இந்தியன்’ என்ற சொல்லைப் பெயரோடு ஒட்டியது. ஜெனீவாவில் 1783-இல் சோடா வியாபாரம் தொடங்கிய ஷ்வெப் என்பவரின் கம்பெனி அது. எங்கே எதைச் சொன்னால் விற்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஜின்னும் டானிக்கும் ஒன்றாகச் சேர்ந்து அச்சில் வருவது, இதுவரை ஆராய்ச்சியாளர்கள் தேடிக் கண்டதில், 1868-இல்தான். ‘ஓரியண்டல் ஸ்போர்ட்டிங் மேகஸின்’ என்ற பத்திரிகை; இந்தியாவில் நடந்த ஒரு குதிரைப் பந்தயத்தைப் பற்றிய கட்டுரை. பந்தயம் முடிந்ததும் ஆட்கள் ஜின் அண்ட் டானிக் கேட்டுக் குரல் கொடுத்தார்கள் என்று வருகிறது. ஆஸ்பத்திரி இல்லை, காய்ச்சல் இல்லை, டாக்டரும் இல்லை. வெயிலில் நின்றவர்கள் குளிர்ச்சியாக ஏதாவது கேட்டார்கள், அவ்வளவுதான். ஆக அது பிறக்கும்போதே பொழுதுபோக்குப் பானம். மருந்து வேஷம் பின்னால் போட்டது.

சந்தேகம் இருப்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மலேரியா வந்த ஒரு பெரியவருக்கு இன்றைய முறைப்படி கொய்னா கொடுப்பதென்றால் நாளைக்குச் சுமார் 2 கிராம், ஏழு நாள். அமெரிக்காவில் டானிக் தண்ணீரில் லிட்டருக்கு 83 மில்லிகிராமுக்கு மேல் கொய்னா இருக்கக் கூடாது என்று விதி. ஒரு கிளாஸில் 150 மில்லி ஊற்றினால் 12 மில்லிகிராம் சேரும். ஒரு நாள் மருந்தை உள்ளே தள்ள 150 கிளாஸுக்கு மேல் குடிக்க வேண்டும்! அந்தக் காலத்து டானிக்கில் இதைப்போல் நாலு மடங்கு இருந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் 40 கிளாஸ் ஆகிறது. மலேரியா போகுமுன் ஆள் போய்விடுவான்.

இடையில் நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்வதற்கு டானிக் தண்ணீர் நல்லது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. காலைப் பிடிக்கும் வலிக்குக் கொய்னா சாப்பிட வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு வெளிப்படையாகவே எச்சரித்திருக்கிறது. ரத்தத் தட்டணுக்களும் இருதயத் துடிப்பும் பாதிக்கப்படலாம். அளவு கூடினால் காதில் வண்டு ரீங்காரமிடும். டாக்டரைக் கேட்காமல் எடுக்காதீர்கள்.

சரி, நிஜமான கொய்னா எங்கிருந்து வந்தது? இங்கேதான் நீலகிரி வருகிறது.

தென் அமெரிக்கக் காடுகளில் பட்டைக்காக மரத்தையே வெட்டிச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். விலை ஏறியது. பிரிட்டிஷ் அரசு கிளெமெண்ட்ஸ் மார்க்கம் என்பவரை 1860-இல் பெருவுக்கு அனுப்பியது, மரத்தை இந்தியாவுக்குக் கொண்டுவர. உள்ளூர்க்காரர்கள் எதிர்த்தார்கள், அது அவர்கள் சொத்து. மார்க்கம் எப்படியோ நாற்றுகளோடு தப்பி வந்தார். செங்கடல் வெக்கையில் வாடி, ஊட்டிக்கு வந்து சேர்ந்தவற்றில் அநேகமாக எல்லாம் பட்டுப்போயின. ஈக்வடாரில் ரிச்சர்ட் ஸ்புரூஸ் என்ற தாவரவியலாளர் நோயுற்ற உடம்போடு சேகரித்த சிவப்புப் பட்டை மரத்தின் விதைகள்தான் முளைத்தன. முளைக்க வைத்தவர் ஊட்டி தாவரவியல் பூங்காவை உருவாக்கிய மக்கைவர். தொட்டபெட்டாவிலும், ஊட்டியிலிருந்து கூடலூர் இறங்கும் வழியில் நடுவட்டத்திலும் தோட்டங்கள் எழுந்தன.

மக்கைவர் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. பட்டைக்காக மரத்தை வெட்டாமல், உயிரோடு நிற்கும் மரத்தில் ஒரு கீற்று விட்டு ஒரு கீற்றாகப் பட்டையை உரித்தெடுத்து, உரித்த இடத்தை ஈரப்பாசியால் சுற்றிக் கட்டிவிடுவார். புதுப் பட்டை வளரும். வளர்ந்த பட்டையில் சரக்கு முன்னைவிடக் கூடுதலாகவே இருந்தது. புண்ணுக்குக் கட்டுப் போடுவதைப் போல மரத்துக்குக் கட்டுப் போட்டு வைத்தியம் பார்த்திருக்கிறார்.

மரத்துக்குக் கிடைத்த கவனிப்பு மனிதருக்குக் கிடைக்கவில்லை. காட்டை அழித்து நட ஆள் வேண்டுமே; நடுவட்டத்தில் ஒரு சிறையைக் கட்டிக் கைதிகளைக் கொண்டுவந்தார்கள். அவர்களில் ஒரு பகுதி சீனர்கள். பினாங்கு, சிங்கப்பூர் அடங்கிய ஜலசந்திக் குடியேற்றங்களிலிருந்து நாடுகடத்தப்பட்டு மதராஸ் மாகாணத்துச் சிறைகளுக்கு வந்தவர்கள். விடுதலையான பிறகு சிலர் திரும்பவில்லை. தமிழ்ப் பெண்களை மணந்துகொண்டு, நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் நடுவே காய்கறி பயிரிட்டு வாழ்ந்தார்கள். எட்கர் தர்ஸ்டன் தமது தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் நூலில் அவர்களைப் பதிவு செய்திருக்கிறார். அந்தச் சிறைக் கட்டடம் இன்றும் நிற்கிறது. போகிறவர்கள் உள்ளே சென்று பார்க்கலாம்.

சிவப்புப் பட்டையில் ஒரு குறை. கொய்னா கம்மி, அதன் தம்பி தங்கைகளான மற்ற காரங்கள் அதிகம். நல்ல சரக்கு உள்ள இனத்தின் விதையை 1865-இல் சார்லஸ் லெட்ஜர் என்ற வியாபாரி லண்டனுக்கு அனுப்பினார். அதைச் சேகரித்துக் கொடுத்தவர் பொலிவியாவைச் சேர்ந்த மானுவேல் மமானி என்ற பழங்குடி ஆள். பிரிட்டிஷ் அரசாங்கம் வேண்டாம் என்றது. டச்சுக்காரர்கள் ஏறக்குறைய ஒரு பவுண்டு விதையை அற்ப விலைக்கு வாங்கி ஜாவாவில் நட்டார்கள். பத்து சதவீதத்துக்கு மேல் கொய்னா! சில பத்தாண்டுகளில் உலகச் சந்தையே ஜாவாவின் கையில். விதை கொடுத்த மமானியைச் சொந்த ஊரில் பிடித்துச் சிறையில் போட்டு அடித்தார்கள். அதிலேயே அவர் இறந்துபோனார். மரத்துக்குப் பெயர் லெட்ஜரியானா.

இலங்கையிலும் ஓர் அத்தியாயம் நடந்தது. காப்பித் தோட்டங்களை இலைநோய் அழித்தபோது துரைமார்கள் சிங்கோனாவுக்குப் பாய்ந்தார்கள். 1886-இல் ஒன்றரைக் கோடி பவுண்டு பட்டை ஏற்றுமதி. எல்லோரும் சேர்ந்து கொட்டியதில் விலை சரிந்தது. பிடுங்கிப் போட்டுவிட்டுத் தேயிலை வைத்தார்கள். நட்டதும் உரித்ததும் பிடுங்கியதும் நம் பக்கத்திலிருந்து போன ஜனங்கள்தான்.

ஏழைகளுக்குக் கொய்னா கிடைக்கவில்லையா என்றால், கிடைத்தது. வங்காளத்தில் 1892-இலிருந்து தபாலாபீஸில் காலணாவுக்கு ஒரு பொட்டலம் விற்றார்கள். அந்த ஏற்பாடு மதராஸ் மாகாணத்துக்கும் வந்தது. நல்ல யோசனை. ஆனால் பொட்டலத்தில் இருந்தது ஐந்து முதல் ஏழு கிரெய்ன். மேலே சொன்ன 2 கிராம் என்பது 30 கிரெய்ன். அதாவது நாளைக்கு நாலு பொட்டலமாவது வேண்டும், ஓர் அணா. ஒரு வாரத்துக்கு ஏழு அணா. கூலி வேலைக்காரருக்கு நாள் கூலியே சில அணாக்களாக இருந்த காலம். வீட்டில் இரண்டு பேர் படுத்தால்? ஒரு பொட்டலம் வாங்கிப் பாதி பாதியாகக் கொடுத்திருப்பார்கள். அரைகுறை மருந்து காய்ச்சலை இறக்கும், நோயைத் தீர்க்காது. முதலில், அடிவாரக் கிராமத்துக்குத் தபாலாபீஸ் எங்கே?

மலேரியாக் கிருமி கொசுவின் வயிற்றுக்குள் இருப்பதை 1897 ஆகஸ்டில் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டுபிடித்தார். அதற்குமுன் அவர் ஆராய்ச்சிக்காக ஊட்டிக்கு வந்து, அங்கிருந்து மலேரியாவுக்குப் பெயர்போன சீகூர் மலைப்பாதையில் இறங்கினார். தினமும் கொய்னா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்; போன சில நாளிலேயே காய்ச்சலில் விழுந்தார். டாக்டருக்கே, அளந்து மருந்து சாப்பிட்டவருக்கே அந்தக் கதி. அதே அடிவாரத்தில் வருஷம் முழுக்க இருந்த இருளர், குறும்பர் குடிசைகளில் என்ன நடந்திருக்கும் என்று எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை.

ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மலேரியா எத்தனை கூலிகளைத் தின்றது என்பதை அங்கே மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் நாவலாக எழுதினார். தமிழில் ‘எரியும் பனிக்காடு’. ‘பரதேசி’ படம் பார்த்தவர்களுக்கும் தெரியும். அதே ஆனைமலையில் அரசாங்கம் சிங்கோனாத் தோட்டம் போட்டது. 1942 மார்ச்சில் ஜப்பான் ஜாவாவைப் பிடித்தது. உலகத்தின் கொய்னாவில் பத்தில் ஒன்பது பங்கு ஒரே மாதத்தில் கைவிட்டுப் போயிற்று. இருந்த கொஞ்சமும் முதலில் ராணுவத்துக்குத்தான். நடுவட்டமும் ஆனைமலையும் வங்காளத்து முங்பூவும் மூச்சைப் பிடித்து உற்பத்தி செய்தும் தேவைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. சுதந்திரம் கிடைத்த ஆண்டில் இந்தியாவில் ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா, எட்டு லட்சம் சாவு என்பது அரசாங்க மதிப்பீடு. பிறகு டி.டி.டி. தெளிப்பான்களோடு ஆட்கள் வீட்டுக்கு வீடு வந்ததும், சுவரில் தேதி எழுதிவிட்டுப் போனதும் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். குளோரோகுயின் மாத்திரையும் வந்தது. சிங்கோனாப் பட்டையைக் கேட்பாரில்லை.

இன்று உலகில் விளையும் கொய்னாவில் ஒரு பகுதி மருந்துக்கும், ஒரு பகுதி டானிக் தண்ணீருக்கும் போகிறது. வால்பாறைப் பக்கத்தில் சிங்கோனா என்றே ஓர் ஊர் இருக்கிறது. பஸ் பலகையிலும் அந்தப் பெயர்தான். அரசாங்கச் சிங்கோனாத் துறையின் நிலங்கள் தேயிலைத் தோட்டக் கழகத்திடம் போய்விட்டன. இறங்கிப் பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலைதான்.